மாத்திரை வந்தது, மாற்று வந்ததா?

2025 டிசம்பர் 22 அன்று, டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் 'வெகோவி' எடைக்குறைப்பு மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதுவரை வாரம் ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ குத்திக்கொள்ள வேண்டியிருந்த செமாகுளூட்டைடு என்னும் மருந்து, உடல் எடையைக் குறைப்பதற்கென்றே நாள்தோறும் விழுங்கும் மாத்திரையாகவும் வந்துவிட்டது. வணிகப் பக்கங்கள் கொண்டாடித் தீர்த்தன. ஊசியின் காலம் முடிந்தது, குளிர்பெட்டியின் தேவை ஒழிந்தது, இனி எளியோர் கைக்கும் இம்மருந்து எட்டும் என்ற தொனியில் எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. "ஊசிக்கு மாற்று" என்பது அவற்றின் பல்லவி.

மாற்று என்ற சொல்லை நம் இயக்கம் எளிதாகச் செலவழிப்பதில்லை. மாற்றுக் கொள்கை என்கிறோம், மாற்று அரசியல் என்கிறோம். உடைமை உறவில் ஏதேனும் அசைந்தால் அன்றி அந்தச் சொல்லை நாம் இடுவதில்லை. பொன்னின் தரத்தையும் தமிழ் மாற்று என்றே சொல்கிறது. இந்த மாத்திரையின் மாற்று என்ன என்பதை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிரிப்பு. சித்தூரில், தமிழ் பேசும் தோழர்கள் கூடிய ஒரு கிளைக் கூட்டத்தில் அங்கன்வாடி ஊழியரான தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, உடம்பு எளைக்க இனிமே ஊசி வேண்டாமாம், மாத்திரையே வந்துடுச்சாமே, நம்ம ஆஸ்பத்திரியில எப்போ தருவாங்க?" கூட்டத்தில் சிலர் சிரித்தனர். அந்தத் தோழருக்குச் சர்க்கரை நோய் வந்து ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலியோடுதான் ஊர்வலங்களில் நடக்கிறார். சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பருமன் என்பது பணக்காரர் நோய், எடைக்குறைப்பு என்பது நடிகைகளின் கவலை, உழைக்கும் மக்களின் இதழில் இதற்கென்ன வேலை என்பது அவர்களது எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 36.3 சதவீதத்தினர் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். அதே ஆய்வில், அதே மாநிலத்தில், அதே வயதுப் பெண்களில் 58.8 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: எடை கூடியவளும் இரத்தம் குறைந்தவளும் பல வீடுகளில் ஒரே பெண்ணாக இருக்கக்கூடும். இது கொழுத்த வர்க்கத்தின் நோய் என்றால், இரத்தமில்லாத கொழுத்த வர்க்கம் எங்கே இருக்கிறது?

சித்தூர் மாவட்டம் வறட்சியின் பிள்ளை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இராயலசீமையைச் சூறையாடிய கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த மண்ணின் உணவு கேழ்வரகுக் களியும் பயறும் நிலக்கடலையும். 1983-இல் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமாராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி தந்தார். அது பசியைப் போக்கியது. அதைக் குறைகூறும் உரிமை பசியறியாத யாருக்கும் இல்லை. ஆனால் அரிசியோடு பருப்பும் முட்டையும் காய்கறியும் அதே அக்கறையோடு வந்து சேரவில்லை. வயிறு நிறைந்தது, தட்டு நிறையவில்லை. குப்பத்திலிருந்து விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவில் வேலை பார்த்து இரவில் திரும்பும் தொழிலாளியும், ஸ்ரீசிட்டி ஆலைகளில் மாறிமாறி இரவுப்பணி பார்க்கும் இளம்பெண்ணும் எங்கே உண்கிறார்கள், எப்போது உண்கிறார்கள், எதை உண்கிறார்கள் என்று பாருங்கள். நிலையத்து வாசலில் கிடைக்கும் போண்டாவும் பூரியும்தான் அவர்கள் வாங்கக்கூடிய வெப்ப ஆற்றல்.

புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக் 2004-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். அவரும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் உயரத்துக்கும் எடைக்குமான குறியீட்டில் ஒரே அளவு, 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடலில் 21.2 சதவீதம். தாயின் வயிற்றிலேயே குறையுணவில் வளர்ந்து எடை குறைந்து பிறக்கும் குழந்தை, பிற்காலத்தில் தசையைக் காட்டிலும் வயிற்றுக் கொழுப்பைச் சேர்க்கிறது, சர்க்கரை நோயை நோக்கி விரைகிறது என்பது அவரது நெடுங்கால ஆய்வின் சாரம். பசியும் பருமனும் பகையாளிகள் அல்ல, தாயும் மகளும்.

இதைக் காண மறுப்பவர்கள் நம் எதிர்முகாமிலும் உண்டு. 2025 பிப்ரவரி 23 அன்று வானொலி உரையில் பிரதமர் பருமனைப் பற்றிப் பேசினார். மாதந்தோறும் வாங்கும் எண்ணெயில் 10 சதவீதத்தைக் குறையுங்கள் என்றார். தொழிலதிபர், திரைக்கலைஞர், விளையாட்டு வீரர் எனப் பத்துப் பேரைத் தூதர்களாக அறிவித்து, ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கச் சொன்னார். பருப்பை ரேஷனில் சேர்ப்பது பற்றியோ, எட்டு மணி நேர வேலையைக் காப்பது பற்றியோ, பொட்டலத் தீனி விற்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது பற்றியோ ஒரு சொல் இல்லை. நோய் சமூகத்தில் உண்டாகிறது. மருந்தை மட்டும் தனிமனிதரின் நாக்கில் தேடச் சொல்கிறார்கள். திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பசித்தபின் அளவறிந்து உண்ணச் சொன்னாரே வள்ளுவர் என்று நம்மிடமே பாடம் நடத்துவோரும் இருக்கிறார்கள். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளையும் அவர்கள் படித்திருக்கலாம். மருத்துவம் என்பது நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என நான்கு கூறுடையது என்கிறது அது. தனிமனித ஒழுக்கத்தோடு வள்ளுவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அவர் காலத்தில் இல்லாத ஐந்தாம் கூறு ஒன்று இன்று முளைத்திருக்கிறது: காப்புரிமைக்காரர்.

மருந்து வேலை செய்கிறதா? செய்கிறது. இதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. இதயநோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத, எடை மிகுந்த 17,604 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், செமாகுளூட்டைடு ஊசி மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டு வாய்ப்பை 20 சதவீதம் குறைத்தது. சர்க்கரை நோயாளிகளிடம் இதே மருந்தின் மாத்திரை வடிவம் அதை 14 சதவீதம் குறைத்ததாக 2025-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை, பருமனோடு இதயநோயோ சிறுநீரக நோயோ சேர்ந்த சர்க்கரை நோயாளிகளுக்கென, இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இதை அழகுசாதனம் என்று ஒதுக்குவது, உழைக்கும் மக்களுக்கு உரிய ஒன்றை நாமே மேட்டுக்குடிக்குத் தாரைவார்ப்பதாகும்.

இனி மாத்திரைக்கு வருவோம். மாத்திரை என்ற சொல்லுக்குத் தமிழில் அளவு என்பதே பொருள். எழுத்தின் ஒலியளவைத் தொல்காப்பியர் மாத்திரையால் அளந்தார். நாமும் அளப்போம்.

செமாகுளூட்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. வயிற்றுக்குள் போனால் இறைச்சித் துண்டைப் போலச் செரித்துவிடும். அது இரைப்பைச் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வதற்காக ஒரு துணைப்பொருளைச் சேர்த்து மாத்திரையாக்கியிருக்கிறார்கள். அப்போதும் விழுங்கியதில் ஒரு சதவீதம்கூட இரத்தத்தை அடைவதில்லை. ஊசியில் வழக்கமான பராமரிப்பு அளவு வாரத்துக்கு 2.4 மில்லிகிராம், மாத்திரையில் நாளொன்றுக்கு 25, அதாவது வாரத்துக்கு 175 மில்லிகிராம். ஏறத்தாழ எழுபது மடங்கு மூலப்பொருளைச் செலவிட்டு, அதில் மிகப் பெரும்பகுதியைக் குடல் வழியே வீணாக்கி, ஊசிக்குச் சற்றுக் குறைந்த பலனை அடைகிறார்கள். 64 வாரங்களில் மாத்திரை சராசரியாக 13.6 சதவீத எடையைக் குறைத்தது. ஊசி 68 வாரங்களில் 14.9 சதவீதம். எளியோருக்கான மலிவு வடிவம் என்று சொல்லப்படுவதன் உற்பத்திக் கணக்கு இதுதான்.

உட்கொள்ளும் முறையையும் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் தேநீரும் கூடாது, உணவும் கூடாது, வேறு மாத்திரையும் கூடாது. நாலரை மணிக்கு ரயிலைப் பிடிக்க ஓடுபவரையும், விடியுமுன் பால் கறந்து ஊற்றிவிட்டு ஒரு மடக்குக் காபியில் நாளைத் தொடங்குபவரையும் இந்த மாத்திரையை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருக்கவில்லை. ஊசி வாரம் ஒருமுறை. மாத்திரை ஆண்டுக்கு 365 முறை. எது எளிது என்பது யாருடைய காலைப்பொழுது என்பதைப் பொறுத்தது.

விலைக்கு வருவோம். 2025 ஜூனில் வெகோவி ஊசி இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவுக்கே மாதம் 17,345 ரூபாய். நவம்பரில் குறைத்து 10,850 ஆக்கினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க எலி லில்லி நிறுவனம் கொண்டுவந்த 'மவுஞ்சாரோ' ஊசி தொடக்க அளவில் வாரத்துக்கு 3,500 ரூபாய். அக்டோபரில் அதுவே விற்பனை மதிப்பில் இந்தியாவின் முதலிடத்து மருந்தாயிற்று. ஆக்மென்டின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைப் பின்னுக்குத் தள்ளியது. நோய்த்தொற்று மிகுந்த ஒரு நாட்டில் பணம் எங்கே பாய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். புதிய மாத்திரைக்கு அமெரிக்காவில் தொடக்க அளவுக்குச் சொல்லப்பட்ட விலை மாதம் 149 டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 13,000 ரூபாய்.

இப்போது நம் பக்கத்துக் கணக்கு. 2023 டிசம்பர் 12 முதல் 42 நாள்கள் ஆந்திர அங்கன்வாடி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இன்றியமையாப் பணிகள் சட்டத்தை ஏவி மிரட்டியும் அவர்கள் கலையவில்லை. அப்போது ஊழியரின் மாதத் தொகுப்பூதியம் 11,500 ரூபாய், உதவியாளருக்கு 7,000. குழந்தைகளை நிறுத்து எடை பார்த்து ஏட்டில் எழுதுவதே அவர்களது அன்றாட வேலை. தம் எடையைக் குறைக்க அந்த ஊழியர் நினைத்திருந்தால், 2025 நவம்பரில் விலை குறைந்தபின்னும் ஊசிக்குக் கொடுத்தது போக மாதம் 650 ரூபாய் மிஞ்சியிருக்கும். அமெரிக்க விலையில் மாத்திரை என்றால் கடன் வாங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கென 'ரைபெல்சஸ்' என்ற பெயரில் இதே மருந்தின் மாத்திரை 2022 சனவரியிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஒரு மாத்திரையின் விலை முந்நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு ஆந்திரத்தில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் நாள்கூலி 257 ரூபாய். (அந்தச் சட்டத்தையே ஒழித்துக்கட்டும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்த அதே டிசம்பரில்தான்.) நான்கு ஆண்டுகளாக மாத்திரை இந்நாட்டில் இருந்தது. எந்த எளியவரின் கைக்கு எட்டியது?

இது ஒருமுறைச் செலவும் அன்று. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஆய்வு சொல்கிறது. ஆகவே இது வாங்கும் பொருளாக இல்லை, வாடகையாக இருக்கிறது. உடலையே குத்தகைக்கு எடுத்து மாதந்தோறும் வாரம் கேட்கும் நிலக்கிழார் முறை. ஊசிக்கு அஞ்சி விலகியவர்களையும் இந்த வாடகைக்குள் கொண்டுவருவதே மாத்திரையின் வணிகப் பயன். இன்னொன்றும் உண்டு. குறையும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. கணிசமான பங்கு தசை. குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடமும் புரத உணவும் வாய்த்தவர் அதை ஈடுசெய்துகொள்வார். தசையே முதலாக உள்ள சுமைதூக்கும் தொழிலாளியும், இரத்தசோகையுள்ள வயல்வேலைப் பெண்ணும் எதைக்கொண்டு ஈடுசெய்வார்கள்? பருப்பும் முட்டையும் இல்லாத ரேஷனோடு இந்த மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நோய்க்குப் பதில் நலிவு வரும். மருந்துக் கோரிக்கையும் உணவுக் கோரிக்கையும் ஒரே மனுவில் இருக்க வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணமே இருக்கிறது.

இத்தனை இலாபத்துக்கும் அடியில் இருக்கும் அறிவு யாருடையது? 1980-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்வெத்லானா மோய்சோவ், குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற இயக்குநீரின் செயல்படும் வடிவத்தை இனங்கண்டு ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர். தொடக்கக் காப்புரிமைகளில் அவர் பெயர் விடுபட்டது. போராடியே சேர்க்க வேண்டியிருந்தது. 2024-இல் லாஸ்கர் விருது அவருக்கும் கிடைத்தது. பிராங்க்ஸ் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் பெற்ற ஜான் எங், பாலைநிலப் பல்லி ஒன்றின் நஞ்சில் அதையொத்த பொருளை 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். 2005-இல் இவ்வகையின் முதல் மருந்து அதிலிருந்தே வந்தது. பொது மருத்துவமனைகளில் பிறந்த அறிவு, தனியார் பெட்டகத்தில் வளர்ந்து, 2025 நவம்பரில் எலி லில்லியின் பங்குச் சந்தை மதிப்பை ஒரு லட்சம் கோடி டாலருக்குக் கொண்டுபோயிற்று. போட்டியில் பின்தங்கிய நோவோ நார்டிஸ்க், அதே செப்டம்பரில் தன் 78,400 ஊழியர்களில் 9,000 பேரை வெளியேற்றப் போவதாக அறிவித்தது. மருந்து விற்றாலும் விற்காவிட்டாலும் எடை குறைக்கப்படுவது தொழிலாளர் தரப்பில்தான்.

இந்தியாவில் செமாகுளூட்டைடின் மூலக்காப்புரிமை 2026 மார்ச் 20 அன்று முடிந்தது. அதற்கு முன்பே, காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்துக்கு 2025 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழிவிட்டது. இந்திய நிறுவனங்கள் களமிறங்க, ஊசியின் விலை சரியத் தொடங்கியிருக்கிறது. இதைத் தனியார் துறையின் சாதனையாகக் கொண்டாடுவோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டலாம். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனர் அஞ்சி ரெட்டி தொழில் கற்றது ஐதராபாத்தில், சோவியத் உதவியோடு எழுந்த பொதுத்துறை ஐ.டி.பி.எல். ஆலையில். 1970 காப்புரிமைச் சட்டம் பொருளுக்கான காப்புரிமையை மறுத்ததால்தான் ஐதராபாத் இந்நாட்டின் மருந்துத் தலைநகராக முடிந்தது. 2005-இல் உலக வர்த்தக அமைப்பின் கட்டாயத்தால் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ 60 இடதுசாரி உறுப்பினர்கள் இருந்ததால்தான் பழைய மருந்துக்குப் புதுச்சட்டை போட்டுக் காப்புரிமையை நீட்டிப்பதைத் தடுக்கும் 3(ஈ) பிரிவு வலுப்பெற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்து வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பிரிவை நிலைநாட்டியது. அந்த ஐ.டி.பி.எல்.லை மூடிவிட 2016 டிசம்பரில் மோடி அமைச்சரவை முடிவெடுத்தது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பிய பொதுத்துறைத் தடுப்பூசி வளாகமும் முடங்கிக் கிடக்கிறது.

இங்கேதான் மாத்திரைக் கதையின் முடிச்சு இருக்கிறது. காப்புரிமை தீர்ந்த செமாகுளூட்டைடு ஊசியைத் திறக்கும்வரை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்க வேண்டும். திருப்பதியில் மே மாத வெயில் 40 பாகையைத் தாண்டும். மின்சாரம் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியும் நிற்கும். அதற்குத் தோதான மருந்து வேறொன்று. எலி லில்லி உருவாக்கிய ஆர்ஃபோர்கிளிப்ரான் அமினோ அமிலச் சங்கிலி அன்று, சிறு மூலக்கூறு. மெட்ஃபார்மினைப் போல வேதியியல் ஆலையில் சமைத்து மாத்திரையாக அச்சிடலாம்; வெறும் வயிறும் வேண்டாம், அரை மணிக் காத்திருப்பும் வேண்டாம். 2025-இல் வெளியான ஆய்வில் 72 வாரங்களில் சுமார் 12 சதவீத எடையைக் குறைத்தது. ஐ.டி.பி.எல். போன்றதோர் ஆலை உயிரோடிருந்தால் கற்றுக்கொண்டு செய்துவிடக்கூடிய பொருள் இது. ஆனால் இதைக் கண்டுபிடித்தது ஜப்பானின் சுகாய் நிறுவனம். 2018-இல் எலி லில்லி உரிமையை வாங்கிக்கொண்டது. இருபதாண்டுக் காப்புரிமைக் கணக்கில் இதன் பூட்டு 2030-களின் பிற்பகுதி வரை நீளும். ஏழைக்குப் பொருந்தாத வடிவம் விடுதலையாகிவிட்டது. பொருந்தும் வடிவம் சிறையில் இருக்கிறது. ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறுவது தொழில்நுட்ப முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அம்முன்னேற்றத்தின் சட்ட வடிவம் புதிய இருபதாண்டு ஏகபோகம்.

பூட்டைத் திறக்கச் சட்டத்தில் சாவி இல்லாமல் இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்கீழ் 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதம் 2,80,000 ரூபாயாக இருந்த விலை 8,800 ஆயிற்று. வானம் இடிந்து விழவில்லை. விலைக்கட்டுப்பாட்டு ஆணையின் 19-ஆம் பத்தி, பொதுநலன் கருதி எந்த மருந்தின் விலையையும் வரையறுக்க இடம்தருகிறது. 2014 ஜூலையில் தேசிய மருந்து விலை ஆணையம் அதைப் பயன்படுத்தி, சர்க்கரை நோய், இதயநோய்க்கான 108 மருந்துகளுக்கு உச்சவரம்பு விதித்தது. இரண்டே மாதத்தில், பிரதமரின் முதல் அமெரிக்கப் பயணம் நெருங்கிய வேளையில், அதற்கு அடிப்படையான நெறிமுறைகள் திரும்பப் பெறப்பட்டன. வானொலியில் எண்ணெயைக் குறைக்கச் சொல்பவரின் அரசு, விலையைக் குறைக்கக் கிடைத்த அதிகாரத்தைத் தானே கைகழுவியது.

மாத்திரையால் மருத்துவர் தேவையும் குறைந்துவிடும் என்பது இன்னொரு வாதம். இது ஆபத்தான வாதம். இம்மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி, வாந்தியும் குமட்டலும் தாங்குகிறதா என்று பார்த்து, மாதங்கள் கடந்து உயர்த்த வேண்டும். கணையம், பித்தப்பை குறித்து விழிப்பு வேண்டும். எடைக்குறைப்பு மாத்திரைகளின் வரலாறே எச்சரிக்கை. இதய வால்வுகளைக் கெடுத்த ஃபென்ஃப்ளூரமின் 1997-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. சிபுட்ரமின் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மூலிகை என்ற பெயரில் விற்கும் மாத்திரைகளில் அது இன்றும் கலந்து பிடிபடுகிறது. இந்த ஆண்டு சனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, உடல் இளைக்கும் என்று இணையக் காணொலியில் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி உண்டு இறந்துபோனார். எளிய குடும்பத்துப் பிள்ளை. விரும்பும் மருந்து எட்டாத உயரத்திலும், ஏமாற்று மருந்து கையெட்டும் தூரத்திலும் இருக்கும் சந்தை இப்படித்தான் கொல்லும். வயதுக்கு வந்த பெண்ணின் உடலைக் கேலி செய்யும் சமூகத்துக்கும் அதில் பங்குண்டு. கூட்டத்தில் சிரித்த தோழர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே மருத்துவமனை வேண்டும், மருத்துவர் வேண்டும். ஆந்திரத்தில் நடப்பதென்ன? முந்தைய ஆட்சியில் தொடங்கிய 17 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 10-ஐத் தனியார் கூட்டுக்கு விடச் சந்திரபாபு நாயுடு அமைச்சரவை 2025 செப்டம்பரில் முடிவெடுத்தது. முதல் தவணையிலேயே மதனப்பள்ளி இருக்கிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஊர். சித்தூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ அதற்கும் முன்பே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக் களமாக ஒப்படைக்கப்பட்டது. மாநிலத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் தனியாருக்குப் பணம் கொடுக்கும். வீட்டில் நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரைக்குக் கொடுக்காது. மாரடைப்பு வந்தபின் லட்சங்கள் தரும் அரசு, வராமல் தடுப்பதற்கு நூறுகளைத் தர மறுக்கிறது. இதில் மூடத்தனம் எதுவுமில்லை. எந்தச் செலவில் தனியார் மருத்துவமனைக்கு வருமானம் உண்டோ அந்தச் செலவு நடக்கிறது.

நம் கோரிக்கைகள் இங்கிருந்து தொடங்க வேண்டும். காப்புரிமை தீர்ந்த செமாகுளூட்டைடைத் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்து விலை வரம்பு விதிக்கவும், மாநில அரசு மொத்தக் கொள்முதல் செய்து மாவட்ட மருத்துவமனைகளில் தேவையான சர்க்கரை, இதய நோயாளிகளுக்கு இலவசமாகத் தரவும் கேட்போம். புதிய மாத்திரைகள் எட்டாத விலையில் வந்தால் 84-ஆம் பிரிவைப் பயன்படுத்தக் கேட்போம். மூடிய பொதுத்துறை ஆலைகளைத் திறக்கக் கேட்போம். ரேஷனில் பருப்பையும் கேழ்வரகையும் நிலையாகத் தரக் கேட்போம். மதனப்பள்ளிக் கல்லூரிக்கான போராட்ட மேடைகளில் இவற்றுக்கும் இடமிருக்கிறது.

இவற்றுக்கு முன்பாக, நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் கிளைத் தோழர்கள் இம்மாதமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தத்தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எத்தனை நாளுக்கு இருப்பில் உள்ளது, நோயாளி ஒருவருக்கு எத்தனை நாளுக்குத் தருகிறார்கள், தீர்ந்துபோன நாள்களில் வெளியே எவ்வளவுக்கு வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். காப்புரிமைத் தொல்லை என்றோ நீங்கிய, ஓரிரு ரூபாய் விலையுள்ள மாத்திரை அது. அந்த ஏட்டோடு மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலரைச் சந்திப்போம்.